திருமயத்தில் விற்றுப்போன சட்டை

திருப்பூர் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்த கன்னையன், வேலையை விட்ட கையோடு ஒரு பழைய வேன் வாங்கினார். உள்ளே கட்டில் போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, ஜன்னலுக்கு யானைப் படம் போட்ட துணியில் திரையும் மாட்டினார். வெளியே ‘பனியன்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததை அழிக்க மட்டும் சோம்பல்.

“ஊட்டையே ஓட்டீட்டுப் போறோம் அம்மிணி. கோட்டை, கோயில் எல்லாம் பாத்துட்டு வரலாம்” என்று மனைவி பெரியாத்தாளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சித்தன்னவாசல் குகையில் ஓவியத்தை அண்ணாந்து பார்த்தார். “ஆயிரம் வருசமாச் சாயம் நிக்குதுங்க. நம்மூர்ல மூணு தொவைப்புத் தாங்கறதில்லீங்க” என்றார் காவலாளியிடம். காவலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் திருமயம். கோட்டைக்கு எதிரே வேனை நிறுத்தியதும் பெரியாத்தாள் அவர் துணி அத்தனையையும் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டாள். துணி காய்ந்த பிறகு, கன்னையன் இடுப்பில் துண்டோடு பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் குளித்துவிட்டு வந்தார். கயிற்றில் கறை பட்ட ஒரு வேட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“துணியெல்லாம் எங்க அம்மிணி?”

“வித்துப்போச்சுங்க.”

“வித்துப்போச்சா?”

“நாலு பொம்பளைங்க வந்து பனியன் என்ன வெலைன்னாங்க. எங்கூட்டுக்காரரு போட்டதுன்னு சொன்னனுங்க. அப்பிடின்னா வெலையக் கொறைங்கன்னாங்க. சிரிச்ச மொகமாக் கேட்டாங்க, என்ன பண்றதுங்க?”

“சட்டை?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களக் கூட்டியாந்த வாத்தியாரு. மேலெல்லாம் சாம்பாருங்க, பாவம்.”

கன்னையன் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வேனுக்குள் ஏறினார். பிறகு ஜன்னல் திரையைக் கழற்றி, கத்தரிக்கோலை எடுத்தார். பத்தே நிமிடத்தில் ஒரு சட்டை வெட்டி முடித்தார். பெரியாத்தாள் ஊசி நூலால் தைத்துக் கொடுத்தாள். போட்ட பிறகுதான் தெரிந்தது, யானைகள் எல்லாம் தலைகீழ். முப்பத்தோரு வருடத்தில் அவர் செய்யாத தப்பு அது.

கோட்டை உச்சியில் பீரங்கியைச் சுற்றி நின்ற பிள்ளைகள், அதை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“தாத்தா, யானை ஏன் இப்படி இருக்கு?”

“படியேறுன களைப்பு, கண்ணு. மல்லாந்துருச்சு.”

சிரிப்புச் சத்தம் கேட்டு வாத்தியார் வந்தார். உடம்பில் கன்னையனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. கன்னையன் பக்கத்தில் வேனில் பார்த்த அம்மா நிற்பதைக் கண்டு, சட்டை யாருடையது என்று புரிந்ததும், வாத்தியாரின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

“வேண்டாமுங்க சார். தோள் எனக்கு எப்பவுமே தொளதொளன்னு நிக்கும். உங்களுக்குத்தான் அளவா இருக்குது.”

பீரங்கிக்குப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாலை காரைக்குடியில் ஒரு கடைக்குள் நுழைந்து பனியன் கேட்டார். கடைக்காரர் எடுத்துப் போட்டதைப் புரட்டிப் பார்த்து, “கழுத்து வெட்டு கோணலுங்க” என்றார்.

கடைக்காரர் அவருடைய யானைகளை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணே, இது திருப்பூர் சரக்கு. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது.”

பெரியாத்தாள் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். கன்னையன் மறுபேச்சில்லாமல் ஆறு பனியன் வாங்கிக்கொண்டார்.