குழிகளுக்கு நடுவே முள்கம்பி

கண்ணமங்கலத்து ஓட்டலில் கைகழுவப் போன இடத்தில் அந்தச் சிவப்பு சோப்பின் வாசம் மூக்கில் ஏற, அப்பாவின் வேலைக்காக ஜவ்வாது மலையில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் முள்கம்பி வேலிக்குப் போய்விட்டேன். இப்போது அந்தக் குவார்ட்டர்ஸும் இல்லை, வேலியும் இல்லை. அப்போது வேலிக்கு உள்ளே என்னைத் தவிர வேறு பிள்ளைகள் கிடையாது. வெளியே, வீட்டுப் பெரியவர்கள் சாமைக் கொல்லைக்குப் போனபின் வீட்டுக்குக் காவலாக விடப்பட்ட மலைக்காரச் சிறுமி பச்சையம்மா. கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் ஏழு குழியும் இந்தப் பக்கம் நான் ஏழு குழியும் தோண்டி, அவள் மடியில் கட்டிவரும் புளியங்கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி ஆடுவோம். கம்பிக்கு அடியில் மாறிமாறி நுழையும் எங்கள் கைகளில் செம்மண்ணும் புளியின் பிசுக்கும் ஒட்டியிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் அம்மா என்னை வேலியோரக் குழாயடிக்கு இழுத்துப்போய், "அதுங்ககூட வெளையாடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று முழங்கைவரை அந்தச் சிவப்பு சோப்பைப் போட்டுத் தேய்ப்பாள். பச்சையம்மா கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஒருநாள் அவள் வந்ததும் உட்காராமல், ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் கம்பிக்கு மேலே நீட்டினாள்.

"சாம்பல் போட்டுத் தேச்சிக் கழுவிக்கினு வந்தேன், பாரு. இனிமே உங்கம்மா உன்ன திட்டாதுல்ல?"

நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.