சாம்பாருக்கு ஆரத்தி

ஓசூருக்கு அறிவியல் வாத்தியாராக நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அரும்பு மீசையைத் தவிர உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பெங்களூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் அம்மாள் வீட்டோடு மெஸ் நடத்தினார். வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நாற்பது வயதிருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. பெருங்காய வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் வந்துவிடலாம்.

என் கோளாறு கல்லூரியிலேயே தொடங்கிவிட்டது. கடைசி வருஷத்தில் பேராசிரியர் புரதங்களைப் பற்றி நான்கு வகுப்பு எடுத்தார். அந்த நான்கும் என் தலைக்கு ஏறிவிட்டன. முடி புரதம். நகம் புரதம். மாட்டுக் கொம்பு புரதம். பாலைத் தயிராக உறைய வைப்பது புரதம். முட்டை வேகும்போது வெள்ளையாக இறுகுவது புரதம். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து திரிவது புரதம். தின்ற சோற்றைச் செரிக்க வைப்பதும் ஒரு வகைப் புரதம்தான். இத்தனையும் சுமார் இருபது விதமான அமினோ அமிலங்களைக் கோத்துக் கோத்துச் செய்தவை என்று தெரிந்த நாள் முதல், யாரைப் பார்த்தாலும் நடமாடும் மணிமாலையாகவே எனக்குத் தெரிந்தார்கள்.

ஓசூரில் மூன்று மாதம் ஆனதும் என் நகங்கள் ஓரத்தில் உடைய ஆரம்பித்தன. கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் கை வலித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். நான் சாம்பாரைச் சந்தேகப்பட்டேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் ஓடி வந்து முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருபவன் நான். என் இலையில் விழும் சாம்பார் அப்படியே ஓடும். சோற்றை எப்படிக் கரை கட்டினாலும் உடைத்துக்கொண்டு போகும். அதில் பருப்பு இருந்ததற்கான தடயம் ஒரு நாளும் அகப்பட்டதில்லை.

மெஸ்ஸில் எங்களோடு சாப்பிட்டவர்களில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர். ஆனேக்கல் பக்கத்துக்காரர். கழுத்தும் தோளும் சேர்ந்தே இருக்கும். எருதின் வாயைத் திறக்க மற்றவர்களுக்கு இரண்டு ஆள் வேண்டும், அவர் ஒற்றைக் கையால் திறப்பார். நல்ல மரியாதைக்காரர். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், "நீங்க மொதல்ல உக்காருங்க சார், பசியோட வந்திருப்பீங்க" என்று வழிவிடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்பில் புரதப் பாடம் எடுத்த அன்று எனக்கு வாய் நீண்டுவிட்டது. பருப்பில் புரதம் உண்டு என்றதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் நான் சாப்பிடும் இடத்தில் பருப்பு என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவே" என்று சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மெஸ்ஸுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் இலையில் உட்கார்ந்ததும் அம்மாள் சாம்பார்ப் பானையைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"என்னாங்க வாத்தியாரே, எங்க சாம்பார்ல பருப்பே இல்லேன்னு பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினீங்களாமே?"

"இல்லேம்மா... பொதுவாகச் சொன்னேன்."

"பொதுவா சொல்ல ஓசூர்ல எத்தினி மெஸ்ஸு இருக்குது? சரி, ஒண்ணு கேக்கறேன். பருப்புலேர்ந்துதான் மயிர், நகம் எல்லாம் வளருதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"நீங்க வந்தப்ப உங்க மீசை எப்பிடி இருந்துச்சு? பென்சில் கோடாட்டம் இருந்துச்சு. இப்ப பாருங்க, வெளக்குமாறாட்டம் இருக்குது. எங்கூட்டுச் சாம்பார்ல பருப்பு இல்லேன்னா அந்த மீசை எங்கேர்ந்து வந்துச்சு?"

பந்தி முழுவதும் என் மீசையைத் திரும்பிப் பார்த்தது. மீசைக்கு வேண்டிய புரதத்தை உடம்பு வேறு தசையிலிருந்து கூட எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதாவது பழைய மாலையைப் பிரித்துப் புதுமாலை கோப்பது போல.

"அப்ப உங்க தொடையைத் தின்னுதான் மீசை வளந்துச்சா?" என்றார் அம்மாள்.

கம்பவுண்டருக்குப் புரையேறியது.

அவமானம் பொறுக்காமல் ஒரு காரியம் செய்தேன். சாம்பாரில் புரதம் இருக்கிறதா இல்லையா என்பதை எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். சோதனை சுலபமானது. கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைசல், அதன் மேல் மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் கரைசல் இரண்டு சொட்டு. புரதம் இருந்தால் ஊதா நிறம் வரும். இல்லையென்றால் வெறும் நீலம். கல்லூரியில் நான் தூக்கத்திலும் செய்யக்கூடிய சோதனை அது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கெழமை வெச்சுக்கலாம்" என்றார் அம்மாள். "எல்லாரும் இருப்பாங்க."

எல்லாரும் இருந்தார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தன் மாமனாரையும் கூட்டி வந்திருந்தார். பள்ளியிலிருந்து சோதனைக் குழாய்களைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். முக்காலியின் மேல் அவற்றை நிறுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு அமினோ அமிலங்களின் பெருமையை ஐந்து நிமிடம் பேசினேன். பிறகு ஒரு குழாயில் சாம்பாரை ஊற்றி, காஸ்டிக் சோடாவை விட்டேன்.

மயில்துத்தத்தை நான் கையில் எடுப்பதற்கு முன்பே சாம்பார் சிவந்தது. லேசாக அல்ல, ரத்தச் சிவப்பாக.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. குமாஸ்தாவின் மாமனார் "முருகா" என்றார். புரதச் சோதனையில் சிவப்பு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அம்மாள் குழாயை எட்டிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட சாமி! மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்காதா? இது ஆரத்தித் தண்ணிங்க! இதுக்கா காலேஜ் போய்ப் படிச்சீங்க?"

உண்மைதான். மஞ்சளோடு சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரம் எது சேர்ந்தாலும் சிவக்கும். எல்லாக் கல்யாண வீட்டிலும் நடப்பது. எனக்கே அக்கா கல்யாணத்தில் சுற்றியிருக்கிறார்கள். சாம்பாரில் மஞ்சள் இருக்கும் என்பது மட்டும் அறிவியல் பட்டதாரியான எனக்குத் தோன்றவில்லை.

அம்மாள் அதோடு விடவில்லை. குழாயிலிருந்ததைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஒரு கற்பூரத்தை வெற்றிலையில் வைத்து மிதக்கவிட்டார்.

"கெழக்கே பாத்து நில்லுங்க வாத்தியாரே. ரொம்பப் படிச்சுட்டீங்க, ஊரு கண்ணெல்லாம் உங்க மேலதான் இருக்கும்."

மூன்று சுற்று சுற்றினார். நெற்றியில் பொட்டு வைக்க விரலை நனைக்கப் போனவரை, காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும் என்று கத்தித் தடுத்தேன். அன்று நான் சொன்னதில் யாரும் மறுக்காத ஒரே அறிவியல் உண்மை அதுதான். சாம்பார் ஆரத்தி முச்சந்தியில் கொட்டப்பட்டது. என் தோல்வியை மிதிக்காமல் ஒரு வாரம் மக்கள் தாண்டிப் போனார்கள்.

ஆனால் அந்த அம்மாளிடம் ஒரு நேர்மை இருந்தது. சிரித்து முடித்ததும் அவரே சொன்னார்:

"மஞ்சள்னாலதானே இப்பிடி ஆச்சு? வர்ற ஞாயித்துக்கெழமை மஞ்சளே போடாம ஒரு பானை வெக்கறேன். நல்லாப் பாத்துருங்க. எம்மேல பழி நிக்கக் கூடாது."

அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. இந்த முறை ஆரத்தி பார்க்க வந்தவர்கள். வெளுத்த சாம்பார்ப் பானையை நடுவில் வைத்தார்கள். வழக்கமாகப் பரிமாறும் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்தேன். காஸ்டிக் சோடா விட்டேன். சிவக்கவில்லை. மயில்துத்தம் இரண்டு சொட்டு விட்டேன். நீலம். ஊதாவின் நிழல்கூட இல்லை.

"பார்த்தீர்களா!" என்றேன்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. "இன்னிக்கு நானேதான் பருப்பு அளந்து போட்டேன். என் கையால கடைஞ்சேன்" என்றார். பொய் சொல்பவரின் முகம் அல்ல அது. எனக்கே சங்கடமாகிவிட்டது. இன்னொரு குழாய்க்கு எடுக்கலாம் என்று பானையைச் சாய்த்தேன். சாய்த்தபோது அடியில் ஏதோ கனமாகப் புரண்டது. கரண்டியை விட்டுத் துழாவினால் அந்தக் குட்டைக் கரண்டி பாதிப் பானைக்குக் கீழே எட்டவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு டம்ளரை அடிவரை இறக்கினேன். கெட்டியான குழம்பு வந்தது. மாவு போலப் பருப்பு.

அதைச் சோதித்தேன். கத்திரிப்பூ நிறத்தில் அப்படி ஓர் ஊதாவைக் கல்லூரியில்கூட நான் பார்த்ததில்லை.

பருப்பெல்லாம் அடியில்தான் இருந்தது. கரண்டி குட்டை. அதனால் முதல் பந்திக்கு மேல்தண்ணீர், நடுப்பந்திக்கு நடுத்தண்ணீர். கடைசியில் உட்காருபவருக்குப் பானையைக் கவிழ்த்து ஊற்றுவார்கள்.

கடைசியில் உட்காருபவர் யார் என்று நான் யோசித்த அதே சமயம் பந்தி முழுவதும் யோசித்தது. எல்லாரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சுவரோடு சுவராக நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தும் தோளும் சேர்ந்தே இருந்தன.

"எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா சார்" என்றார் அடக்கமாக. "நான் யாரையும் தள்ளலீங்களே. மொதல்ல உக்காருங்கன்னுதானே சொன்னேன்."

மறுநாள் மதியம் மெஸ் வாசலில் நடந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இலை போட்டாகிவிட்டது. சோறு ஆவி பறக்கிறது. உள்ளே ஒருவரும் இல்லை. ஒன்பது பேர் வெயிலில் நின்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருக்கிறோம்.

"நீங்க மொதல்ல."

"சேச்சே, வயசுல பெரியவங்க, நீங்க போங்க."

"எனக்குப் பசியே இல்லீங்க."

குமாஸ்தா செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டுவதாகக் கால் மணி நேரம் குனிந்தே நின்றார். நான் வகுப்புக்கு மணி அடித்த பிறகும் நகரவில்லை. கடைசியில் அம்மாள் வெளியே வந்து மூன்று மொழியிலும் ஒரே வாக்கியத்தில் எங்களைத் திட்டினார். கரண்டிக்குப் பதிலாக ஒரு நீளமான மூங்கில் அகப்பையைத் தூக்கிக் காட்டினார். களி கிண்டுவதற்கு வைத்திருந்தது. அன்று முதல் ஒவ்வோர் இலைக்கும் முன்னால் அடிவரை கலக்கிய பிறகே ஊற்றினார். சாம்பார் என் இலையில் முதன்முறையாக நின்றது. கம்பவுண்டர் மட்டும் சில நாள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மாலை வேளைகளில் வேர்க்கடலை வாங்கிக் கொறிக்கத் தொடங்கினார்.

அம்மாளுக்கு விஷயம் பிடித்துப்போய்விட்டது. களி கிண்டும்போதெல்லாம் கேள்வி கேட்பார். ராகியில் புரதம் உண்டு, ஆனால் அதில் ஓர் அமினோ அமிலம் குறைச்சல், அந்தக் குறையை அவரையும் துவரையும் நிரப்பும் என்று சொன்னேன். "அதான் களிக்குப் பருப்புச்சாறு ஊத்தறோம்" என்றார், நான் ஏதோ தாமதமாக வந்து சேர்ந்தவன் போல. அதுவரை களியைத் தொடாத நான் அன்றுதான் முதல் உருண்டையைத் தின்றேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தெரியாமல் மென்றதால் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி அம்மாளை என் வகுப்புக்கு ஒரு நாள் அழைத்தேன். மஞ்சள், சுண்ணாம்பு, பானை, அகப்பை எல்லாவற்றோடும் வந்தார். பிள்ளைகளுக்கு இரண்டு நிறத்தையும் செய்து காட்டினோம். ஒரு பெண் எழுந்து, ஓர் அமினோ அமிலம் இல்லாவிட்டால் மற்றவற்றை வைத்து உடம்பு சமாளிக்காதா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

"பந்தல் போட இருவது பேரு வர்றாங்க கண்ணு. கயிறு கொண்டுவர்றவன் வரலேன்னா மூங்கில் எத்தினி இருந்து என்னா பண்றது? எல்லாம் படுத்துக்கெடக்கும்."

வகுப்பு கை தட்டியது. எனக்கு ஒரு நாளும் தட்டியதில்லை. தலைமையாசிரியர் அசந்துபோய், இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் அம்மா என்று கேட்டார்.

"படிக்கறதுக்கு எங்கீங்க நேரம்?" என்றார் அம்மாள், அகப்பையைத் துடைத்துக்கொண்டே. "இவரு சாம்பார் சரியில்லேன்னு சண்டைக்கு வந்தாரு. அதுல வந்ததுதான் எல்லாம்."

அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.