ஒற்றைக் காதுக்கு ஒரு பியானோ

எனக்கு இரண்டு காதுகள். இடது காது கேட்பதற்கு, வலது காது ஜிமிக்கி மாட்டுவதற்கு. ஆறு வயதில் வலது காதில் சீழ் பிடித்தது. வீட்டில் இருந்த எண்ணெய்களை எல்லாம் முறை வைத்து ஊற்றி முடித்த பிறகு டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற தோரணையில் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து நான் எதைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னால்கூட, "அவளுக்குக் காது கேக்காது" என்பார்கள்.

இப்போது வயது ஐம்பத்தொன்று. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. ஊரில் என்னை டாக்டரம்மா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று பத்து வருஷம் மறுத்துப் பார்த்தேன். "பரவால்ல, டாக்டரம்மா" என்று மன்னித்துவிட்டார்கள்.

சாயங்காலங்களில் குவார்ட்டர்ஸில் பியானோ பழகுகிறேன். செல்போன்தான் வாத்தியார். பியானோ என்பதும் மரியாதைக்குச் சொல்வது. என் தம்பி வாசித்துத் தேய்த்துக் கழித்துப்போட்ட பழைய கீபோர்டு அது. அதில் 'பியானோ' என்று போட்ட பொத்தானை அமுக்கினால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிற சத்தம் வரும். 'ஆர்கன்' என்ற பொத்தானை அமுக்கினால் அதே டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தட்டுகிற சத்தம். இந்த வித்தியாசத்துக்கே இரண்டு வருஷம் நன்றியோடு இருந்துவிட்டேன்.

தம்பிக்கு நாற்பத்தேழு வயது. கண்ணமங்கலத்தில் இருக்கிறான். திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறான். இரண்டு காதும் நன்றாகக் கேட்பதால் குடும்பத்தின் சங்கீத இலாகா அவனிடம் இருக்கிறது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது எண்பத்தெட்டுக் கட்டை உள்ள ஒரு பெரிய மேடைக் கீபோர்டைக் காட்டினான். அவன் வேறு புதிது வாங்கிவிட்டான். இதை எனக்குத் தருவதாக ஏற்பாடு. அதற்குச் சொந்த ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான்.

"நெஜப் பியானோவ ஒவ்வொரு கம்பியா தட்டிப் பதிவு பண்ணி இதுக்குள்ள வெச்சிருக்கான்க்கா. வாசிச்சுப் பாரு."

வாசித்தேன். இடது கைப் பக்கம் பிரமாதமாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளுவதுபோல ஒரு கனம். வலப்பக்கம் ஏற ஏறச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கடைசிக் கட்டைகளில் விரல் நகம் படுகிற டொக் டொக் மட்டும்.

"மேல போகப் போக ஒண்ணும் காணோமேடா. பாதிப் பியானோதான் இருக்குது."

அவன் சிரித்தான். "பியானோ முழுசாத்தான் இருக்குது. உன் காதுதான் பாதி."

அவன் மனைவியும் சிரித்தாள். சாப்பாடு இன்னும் போடவில்லை என்பதால் நானும் சிரித்துவைத்தேன். மலைக்குத் திரும்பி இரண்டு நாள் எனக்கு மாத்திரைப் பெயர்களைத் தவிர வேறு பேச்சு வரவில்லை.

ஏனென்றால் வேலூரில் ஒரு கடையில் சின்னக் கீபோர்டு ஒன்றை ஏற்கெனவே வாசித்துப் பார்த்திருந்தேன். ஸ்பீக்கர் அதற்குள்ளேயே உண்டு. அடிச் சத்தம் கொஞ்சம் கலங்கல்தான், புது மழைக்கு ஓடைத் தண்ணீர்போல. ஆனால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஆள் நடந்து போவது தெரிந்தது, நடுவழியில் மாயமாகவில்லை. அதை வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னதும் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அது புள்ளைங்க பழகற ஐட்டம்க்கா. உனக்கு ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் தெரியப்போறதில்ல. வேணும்னா கண்ணக் கட்டிட்டுக் கேளு. எது எதுன்னு கரெக்டா சொல்லிட்டினா உன் இஷ்டம். தப்பா சொன்னா வாயத் தொறக்காம என்னுது எடுத்துக்க."

அவனுக்கு அது விளையாட்டு. நாற்பத்தைந்து வருஷமாகத் தள்ளுபடியான என் காதின் சாட்சி இனிமேலாவது செல்லுமா என்பது என் வழக்கு. வாடா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினான். பெரியதும் இருந்தது, சின்னதும் இருந்தது. சின்னதைக் கடையில் என் பெயரில் வாங்கியே வந்திருந்தான், பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பலாப்பழத்தோடு வந்தார். சாமையும் பலாவும் விளைவிக்கிற மலைக்காரர். பழத்தை மூலையில் உருட்டி வைத்துவிட்டு, "இன்னா, பஞ்சாயத்தா?" என்று சுவரோரம் உட்கார்ந்தார். அவரையே சாட்சியாக்கினோம்.

தம்பி தன் துண்டால் என் கண்ணைக் கட்டினான். ஜீப்பின் டீசலும் அவன் மீசைக்குப் பூசுகிற டையும் கலந்து மணத்தது. ஹெட்போனை மாட்டி, அதன் வயரை ஒரு முறை இதிலும் ஒரு முறை அதிலுமாகச் செருகி, அடிக் கட்டையிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாக வாசித்துக் காட்டினான்.

"பெருசு," என்றேன். "சின்னது. சின்னது. பெருசு. மறுபடி பெருசு. இப்ப சின்னது."

ஆறுக்கு ஆறு. துண்டை அவிழ்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததே போதுமான சன்மானம்.

"குருட்டாம்போக்குல அடிச்சுவுட்ட."

"ஆறு தபாவுமா? உன்னுத கண்டுபுடிக்கறது சுலபம்டா. பாட்டு பாதி வழியிலயே வூட்டுக்குப் போய்டுது."

"அதான் சொல்றேனே, அது உன் காதுல..."

"எங்க குடு தம்பி, நான் கேக்கறேன்" என்று எழுந்தார் அக்கா. ஹெட்போனைத் தலையில் மாட்டவில்லை. இடப்பக்கக் கிண்ணத்தை மட்டும் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். தம்பி பெரியதில் வாசித்துக் காட்டினான்.

"ஆமா, மேல போகப் போக ஒண்ணுமே வர்ல."

"அத ரெண்டு காதுலயும் மாட்டணும்மா!"

"பலாப்பழத்தத் தட்டிப் பாக்கறப்ப ரெண்டு காதயுமா வெச்சிக் கேப்பாங்க? ஒரு காதுல கேட்டுத்தான் முப்பது வருசமா காயா பழமான்னு சொல்றேன். ஒருத்தன் திருப்பிக் கொண்டாந்ததில்ல." வலப்பக்கக் கிண்ணத்துக்கு மாறினார். "இதுல மேல் சத்தம் கீது, அடிச் சத்தம் வர்ல. முழுப் பழத்த ரெண்டா அறுத்து ரெண்டு பக்கம் வெச்சிருக்கான்."

தம்பி ஹெட்போனை வாங்கி, தானும் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து வாசித்தான். இன்னொரு பக்கத்தை வைத்து வாசித்தான்.

"அக்கா, இது மாதிரி ஒரு தபா திருவிழாவுல ஆச்சு" என்றான். அவன் கதையாகச் சொல்ல நினைத்தானோ, வாக்குமூலமாக வந்ததோ, தெரியாது. புது சவுண்டு மிக்சர் வாங்கின ஜோரில், இடது சத்தத்தை மேலத் தெரு ஸ்பீக்கருக்கும் வலது சத்தத்தைக் கீழத் தெரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறான். பட்டணத்தில் எல்லாம் இப்படித்தான் என்று எவனோ சொன்னானாம். மூன்றாவது பாட்டுக்குள் கீழத் தெரு மொத்தமும் மேடைக்கு வந்துவிட்டது. 'அவுங்களுக்கு மட்டும் தம்தம்னு கேக்குது, எங்களுக்கு வெறும் கிணிகிணியா? வரி ரெண்டு தெருவும் ஒண்ணாத்தான குடுத்தோம்?' என்று சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். பிள்ளையார் பாட்டிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதாகிவிட்டது.

"மறுபடி வாசிச்சியா?" என்றேன்.

"பின்ன? வுட மாட்டேன்னுட்டாங்களே. வயர மாத்தி, ரெண்டு தெருவுக்கும் ஒரே சத்தமா குடுத்தேன்."

"உங்க தெருவுக்குக் காது பாதின்னு அவுங்ககிட்ட சொன்னியா?"

அக்கா தான் கொண்டுவந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு தம்பி வேலையில் இறங்கினான். அந்தப் பெரிய கீபோர்டின் சின்னத் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டி, இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தை அனுப்புகிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். ஹெட்போனை என்னிடம் நீட்டினான், இந்த முறை இரண்டு கையாலும்.

வாசித்தேன். பொய் சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் அதுபோல ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அடியில் அதே கனம். மேலே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பூத்து, சாவகாசமாக அடங்கியது. மெதுவாகத் தொட்டால் ஒரு குரல், அழுத்தினால் வேறு குரல். சின்னது இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், கரண்ட் போனது.

பத்து நிமிஷத்தில் வந்தது. கீபோர்டை மறுபடி போட்டான், வாசித்தேன். வலப்பக்கம் டொக் டொக்.

"அது ஒண்ணும் இல்லக்கா. ஆஃப் ஆனா பழைய மாதிரி ஆய்டுது. உள்ள போய் அஞ்சு தபா அமுக்கினா சரியாய்டும்."

நிரந்தரமாக வைக்க வழி இருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடினான். இருக்கலாம், எங்களுக்கு அகப்படவில்லை.

"இந்த மலையில ஒரு நாளைக்கு எத்தினி தபா கரண்ட் போவும் தெரியுமாடா? ஒவ்வொரு தபாவும் நான் இது முன்னாடி உக்காந்து, ஐயா, எனக்கு ஒரு காதுதான், பாத்து பண்ணுங்கன்னு அஞ்சு பொத்தான அமுக்கி மனு குடுக்கணுமா? ஆபீஸ்ல குடுக்கற மனுவே போதும். எடுத்துக்கினு போ."

"இதுதான் நல்ல சத்தம்னு உனக்கே தெரியுதேக்கா!"

"தெரியுது. நீ போட்ட கணக்குப்படி அது தெரியவே கூடாது எனக்கு. தெரிஞ்சுதான் வேணாம்னு சொல்றேன்."

அவன் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தான். "எங்கிட்ட இன்னாத்துக்குப் பாக்கற? அந்தம்மாதான் ஆறுக்கு ஆறு சொல்லிச்சு" என்றார் அவர்.

மலையிறங்கும் கடைசி ஜீப்பில், புளி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துப் பெரியதைக் கட்டினான். ஏறப்போனவன் திரும்பிவந்து என் இடப்பக்கமாக நின்றுகொண்டு, "அந்தச் சின்னதுல அடிச் சத்தம் கலங்கலா வருதுன்னியே, செவுத்த வுட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டுக் கேட்டுச் சொல்லு" என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உள்ளே வந்து சின்னதைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, செல்போன் வாத்தியார் கொடுத்த பாடத்தை வாசித்தேன். இரண்டாவது வரியில் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா! அந்த எடத்துல இடிக்குது!"

இடித்தது உண்மைதான். சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டிவைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.