எல்லோரும் எழுந்து நின்ற ஸ்லைடு

ஃப்ளெக்ஸ் மையின் வாடை சட்டையில் ஏறிவிட்டால் நாலு தடவை துவைத்தாலும் போகாது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நாலு வருடம் டிசைனராக இருந்தேன். புது வேலையில் சேர்ந்த பிறகும் பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளித்தபடிதான் என்னிடம் பேசுவார்...

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

புது வேலை, ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் மதுரைக் கிளையில். டீலர்கள் போனில் சொல்லும் புகாரை எழுதி வைத்து, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள். கடையில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

ஐந்தாவது மாதம் டீலர்கள் கூட்டம் வந்தது. கிளை மேனேஜர் செல்வராணி மேடம் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்ல. பிபிடி நீங்களே போட்டு, நீங்களே பேசிருங்க. சென்னையில இருந்து மொதலாளி வாராரு. அவரு பாத்துட்டுத்தான் ஒங்கள வச்சுக்கிறதா வேணாமான்னு சொல்வாரு."

பிபிடி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. "சரி மேடம்" என்றேன். பக்கத்து சீட்காரரிடம் கேட்டதில், "வரிசையா சின்னச் சின்ன ஃப்ளெக்ஸ்னு வச்சுக்கங்க" என்றார்.

அது போதாதா எனக்கு...

நாற்பது ஸ்லைடு. எழுத்தெல்லாம் தங்கக் கலர். பின்னால் சூரிய உதயம், அருவி, ஒரு ஸ்லைடில் பாயும் குதிரை. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வரும். கூடவே கைதட்டல் சத்தமும் வரும்.

முதல் ஸ்லைடு முதலாளிக்கு. மேடம் கொடுத்த போட்டோ ரொம்பச் சின்னது. பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. கடையில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் புள்ளி தெரியாது. அப்படியே செய்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்து, சுற்றிலும் மல்லிகைப்பூ பார்டர் போட்டு, கீழே ஒரு விளக்கையும் ஏற்றினேன். பழகிய கை, மளமளவென்று ஓடியது. எதற்குப் பழகிய கை என்று அது யோசிக்கவில்லை.

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். நேரமாகியும் முதலாளியைக் காணோம். "நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வாசலுக்குப் போய்விட்டார். லைட்டை அணைத்து முதல் ஸ்லைடைப் போட்டேன்.

சலசலப்பு நின்றது. பேரையூர் டீலர் மாரிச்சாமி அண்ணன் மெதுவாக எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், பிறகு மண்டபமே எழுந்து நின்றது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நம்ம ஸ்லைடுக்கு இம்புட்டு மரியாதையா என்று, சத்தியமாக, அப்படித்தான் நினைத்தேன்.

மாரிச்சாமி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தங்கமான மனுசன். எம் மகன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சென்னையில இருந்து ரெண்டு தடவ வந்து பாத்தாரு. இப்பிடித் திடுதிப்புன்னு போவாருன்னு யாரு கண்டா..."

பின்வரிசையில் இருந்து இன்னொருவர்.

"பாடிய எப்பண்ணே எடுக்குறாய்ங்க?"

அப்போதுதான் உறைத்தது. நான் போட்டிருந்தது அச்சு அசல் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்! பதறிப்போய்ப் பட்டனை அழுத்தினேன். ஸ்லைடு மாறவில்லை. முதலாளியின் பெயர் எழுத்தெழுத்தாகப் பறந்து வந்தது, கைதட்டலோடு.

அந்த நேரம் பார்த்து மேடத்தோடு முதலாளி உள்ளே வந்தார். மண்டபமே நிற்பதைப் பார்த்து, "அட எதுக்குங்க, உக்காருங்க உக்காருங்க" என்று கும்பிட்டபடி வந்தவர், திரையைப் பார்த்தார்.

யாரும் உட்காரவில்லை.

"யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

"ஃப்ளெக்ஸ் கடையில சார்..."

படத்தில் இருந்த பூவையும் விளக்கையும் பார்த்தார். பிறகு மாரிச்சாமி அண்ணன் பக்கம் திரும்பி, "என்னமோ பேசிட்டிருந்தீங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்... நல்லவிதமாத்தான் சொன்னேன்."

முதலாளி சிரித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. நானும் மேடமும் சிரிக்கவில்லை.

"அந்த மிஷினை அணைச்சிருங்க. லைட்டைப் போட்டுட்டு, இவங்க முகத்தப் பாத்துப் பேசுங்க" என்றார்.

அதுவரை இருட்டில் அவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள், நானும் பெரும்பாலும் திரையைத்தான் பார்த்திருந்தேன். லைட்டைப் போட்டேன். திரும்பினேன். ஐந்து மாதமாகப் போனில் என்னை வறுத்தெடுத்த குரல்களுக்கெல்லாம் அன்றுதான் முகம் கிடைத்தது. மிச்சம் முப்பத்தொன்பது ஸ்லைடும் மறந்துபோனது. "பேரையூர்ப் பக்கம் மோட்டார் காயிலு எரியிறது பூராம் மத்தியானம் கரெண்டு கம்மியா வர்றப்பத்தாண்ணே" என்று ஆரம்பித்தேன். எந்த ஊரில் எந்த மோட்டாரில் எது போகிறது என்பது எனக்கு மனப்பாடம். அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது முதலாளி மேடத்திடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"தம்பி இருக்கட்டும்மா. என் படத்த மட்டும் கையில குடுத்துறாதீங்க."

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஸ்லைடு போட நான்தான் சொல்லித் தருகிறேன். ஸ்லைடுக்கு ஐந்து வரி போதும், திரையை வாசிக்காதே, ஆளைப் பார்த்துப் பேசு... தலையாட்டுகிறார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் ஏஐயிடம் சொல்லிப் போட்டும் விடுகிறார்கள். எல்லாமே என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கின்றன. குதிரைதான் இல்லை.

போன மாதம் முதலாளி நிஜமாகவே இறந்துபோனார்.

டீலர்களும் இருந்த ஆன்லைன் மீட்டிங்கில் முதல் ஸ்லைடு அவருக்கு. கலர் போட்டோ, நல்ல தெளிவு, பூ கிடையாது. சென்னையில் இருந்து யாரோ ஆங்கிலத்தில் இரண்டு வரி வாசித்தார்கள். பிறகு, "நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்."

என் கேமரா ஆஃபில் இருந்தது. எழுந்து நின்றேன். விற்பனைக் கணக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

மீட்டிங் முடிந்ததும் போன் அடித்தது. மாரிச்சாமி அண்ணன்.

"தம்பி... நின்னீங்களா?"

"நின்னேண்ணே."

"நானுந்தான்யா. அன்னைக்கு மாதிரி ரெண்டு வார்த்த சொல்லுவோம்னு பாத்தேன். எல்லாரையும் மியூட்ல போட்டு வச்சிருந்தாய்ங்க."

"எங்கிட்டச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

மகன் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் இருந்து ஆரம்பித்தார்.