ஜாதகத்துக்கு முன் ஒரு கேள்வி

என் கணவர் என் அம்மாவின் சொந்தத் தம்பி. எங்கள் கடைசிக் குழந்தை, மூன்று வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாது. மயிலாப்பூரிலிருந்து அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். பெண்கள் பெஞ்சில் ராயப்பேட்டை முஸ்லிம் அம்மாள் ஒருத்தி, காது கேளாத தன் பையனோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவா ஜனங்களிலே இது சகஜம்டி. நம்மாத்துக் குழந்தைக்கு ஜுரத்திலே காது அடைச்சுண்டிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

அது அந்த அம்மாள் காதில் விழுந்துவிட்டது.

"என் ஊட்டுக்காரரு எனக்கு சாச்சா மவன், எங்க வாப்பாவோட தம்பி மவன். உங்க ஊட்டுக்காரரு உங்களுக்கு இன்னா ஒறவும்மா?"

"மாமா" என்றேன்.

"அதான் நீங்களும் இங்கயே குந்திக்கினு கீறீங்க."

டாக்டரிடம் கேட்டேன். குறை பிறவியிலேயே வந்தது, நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் எந்த ஜாதியிலும் இப்படி நேரலாம் என்றார்.

மறுவாரம் என் மூத்த பெண்ணை என் தம்பிக்கு நிச்சயம் செய்வதாக இருந்தது. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"இனிமே உங்காத்து வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று போன அம்மா, இரண்டு வருஷமாக வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

இப்போது யார் ஜாதகத்தோடு வந்தாலும், "பையன் எங்களுக்கு என்ன உறவு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரு உறவும் இல்லை என்றால்தான் காப்பிக்கு அடுப்பு மூட்டுவேன்.