அறுபத்து மூன்றாம் பக்கத்துக் கட்டைவிரல்

ஒரு நாவலில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டதால் சேலத்திலிருந்து போலீஸ் நாய் வந்து என்னைக் கவ்வும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பியவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மத்திய அரசு ஊழியன் வேறு.

இதை எழுத வைத்தது என் மகள். போன மாதம் என் போனில் ஏதோ தட்டிவிட்டு, "துப்பறியும் கதைங்கப்பா. எல்லாம் சும்மாதான், எவ்ளோ வேணா எறக்கிக்குங்க" என்றாள். இரண்டே நாளில் மூன்று கொலைகளைப் படித்து முடித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் கட்டைவிரலால் தள்ளும்போது விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். சும்மா கிடைக்கும் கதையை நான் கண்டுபிடித்தது போனில் அல்ல, எண்பதுகளில், தபால் பையில்.

பென்னாகரம் தாலுகாவில் ஒரு சின்ன போஸ்ட் ஆபீஸ். ஊர்ப் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன். போஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மேன் கோவிந்தன், கிளார்க் நான். மூன்று மணி பஸ்ஸில் இரண்டாவது பை வரும். அதில் வரும் தபாலுக்கு நான் சீல் குத்தி வைப்பேன். டெலிவரி மறுநாள் காலையில்தான். ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடும்வரை ஈ ஓட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை அந்தப் பையில் ஒரு மர்ம நாவல் புக் போஸ்ட்டில் வரும். புக் போஸ்ட் என்றால் உறையின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். உள்ளே கடிதம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஆபீஸ் பார்க்கலாம் என்பது விதி. கோவிந்தன் எனக்கு விதியை விளக்கினார்: "உருவிப் பாரு தம்பி. பாக்கறதுக்குத்தான தொறந்து வச்சிருக்குது." பார்த்தேன். பார்த்துக்கொண்டே படித்தேன். ஐந்து மணிக்குள் கொலைகாரனைப் பிடித்து, பழையபடி உறைக்குள் செருகிவிடுவேன். இப்படி மூன்று மாதம்.

நான்காவது மாதம் அறுபத்து மூன்றாம் பக்கத்தில், பண்ணையார் மாடியில் பிணமாகக் கிடக்கும் இடத்தில், என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். சீல் குத்திய கை, எண்ணெய் மை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். பண்ணையாரும் சேர்ந்து அழிந்தார்.

புத்தகம் யாருக்கு? நசீமா டீச்சருக்கு. தர்மபுரிக்காரர், எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி. லேப் சாவியே அவரிடம்தான். அந்த மையை ஒரு குழாயில் போட்டுக் காய்ச்சினால் என் பெயரும் பிறந்த தேதியும் மேலே மிதக்கும் என்று எனக்குத் தோன்றியது. படித்ததெல்லாம் அந்த மாதிரிக் கதைகள். அந்தப் பயத்தில் சிரித்துத் தள்ள முடியாத ஒரு விஷயமும் இருந்தது. வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரித்துப் படித்தான் என்று டீச்சர் மேலதிகாரிக்கு ஒரு கடுதாசி போட்டால் போதும், ஏரியூர் பஸ்ஸில் பெட்டியோடு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

மேலே படிக்காமல் புத்தகத்தை உறைக்குள் தள்ளினேன். மண்ணெண்ணெய் போட்டு விரலைத் தேய்த்தேன். மறுநாள் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தேன்.

"விரல்ல என்னப்பா கட்டு?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கதவுல நசுங்கிடுச்சுங்க சார்."

அதற்கடுத்த நாளும் கேட்டார். "ஏம்பா, நேத்து வலது கையில இல்ல கட்டு இருந்துது?"

குனிந்து பார்த்தேன். இடது கையில் சுற்றியிருந்தேன். "இன்னிக்கு இது நசுங்கிடுச்சுங்க சார்."

"மொதல்ல அந்தக் கதவ மாத்து" என்றார்.

ஏழாம் நாள் டீச்சர் வந்தார். கையில் அதே நாவல். நேராகப் போஸ்ட்மாஸ்டர் மேஜையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் ஒளித்தேன்.

"வாங்க டீச்சர், என்ன விஷயம்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஒண்ணுமில்லீங்க சார். ரெண்டு இன்லேண்டு லெட்டர் வேணும்."

கவுன்ட்டருக்கு வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிந்தன் கை சுத்தமா இருக்குது. உங்க போஸ்ட்மாஸ்டரு சீலே தொடறதில்ல. மை படிஞ்ச கை உங்குளுது ஒண்ணுதான். சரிங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மூணு மாசமா கடைசிப் பக்கம் வரைக்கும் கறை இருந்துது. இந்த மாசம் அறுவத்தி மூணுக்கு மேல ஒண்ணுமே இல்ல. முடிக்கலீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப யாரு கொன்னாங்கன்னே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நாவலைக் கவுன்ட்டர் கம்பிக்குள் தள்ளினார். "திங்கக்கிழம குடுத்துடுங்க. இனிமே நான் படிச்சிட்டுத் தரேன், அதுக்கப்புறம் படிங்க. எம் பேருக்கு வர்றத நாந்தான மொதல்ல பிரிக்கணும்?"

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பதும் அந்தக் கடைசி வாக்கியம்தான். என் சர்வீஸ் முழுக்க ஆபீஸ் மேனுவலில் அதைவிடத் தெளிவாக எதையும் நான் படித்ததில்லை.

போலீஸ் வரவில்லை, நாயும் வரவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையை இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் நாவலைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாத நாவலை டீச்சர் படித்து முடிக்கப் பதினொரு நாள் ஆனது. காத்திருந்தேன்.