பத்து விநாடிக் கெடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இதில் பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம், அதனால்தான் இத்தனை வருஷம் சொல்லவில்லை.

2003 வாக்கில் கல்கத்தாவில், அலிப்பூர் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஹூக்ளி ஆற்றோரம் நீர்மட்டம் அளக்கும் நிலையங்கள் ஐந்து. நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், ஃபோன் லைன் வழியாக ஒவ்வொரு நிலையத்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் வரிசையாக நுழைந்து, அளவை எடுத்து, படகுக்காரர்களுக்குப் பட்டியல் அனுப்பும். மூன்றாவது நிலையத்தில் ஆபரேட்டர் சண்முகம் அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், பெஹாலாவில் எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

"தம்பி, என் லைன் செத்தா உங்க ஸ்கிரிப்ட் அங்கனயே நிக்கி. எனக்குப் பின்னால உள்ள ரெண்டு நிலையமும் போவ மாட்டேங்கு. இத்தன விநாடிதான்னு ஒரு கெடு வையுங்க" என்று மூன்று முறை சொன்னார். படித்தவன் நான், ஆபரேட்டர் சொல்லியா கேட்பது என்று விட்டுவிட்டேன்.

ஒரு மழைநாளில் அவர் லைன் பாதியில் அறுந்தது. ஸ்கிரிப்ட் பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றது, பட்டியல் போகவில்லை. ஐந்தாவது நிலையத்துக்குக் கீழே நீர்மட்டம் தெரியாமல் ஒரு படகு சேற்றில் ஏறி ஒருவருக்குக் கால் முறிந்தது. விசாரணையில், அண்ணாச்சி மெஷினை அணைத்துவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன், பத்து விநாடிக் கெடு.

அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். நாலே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த நிலையத்தையும் மூடி, லைனைத் துண்டித்து, மெஷினை ஏலத்தில் விட்டார்கள். ஸ்கிரிப்டிலிருந்து அந்த நிலையத்தின் பெயரை எடுக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. ஸ்கிரிப்ட் பத்து விநாடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

ஒருநாள் மதியம் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன், அண்ணாச்சியின் மனைவி வந்தார், மதினி என்றுதான் கூப்பிடுவேன். விசாரணை முடியாததால் குடும்பப் பென்ஷன் நின்றிருந்தது.

"தம்பி, அவுக நெசமாவே மெஷினை அணைச்சாகளா? நீங்கதான பாத்திய?"

திரையைப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் மூன்றாவது நிலையத்தில் நின்றிருந்தது. பத்து விநாடி போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று, நம்பினால் நம்புங்கள், சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. மதினியும் எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவர் அணைக்கல மதினி. தப்பு என்னோடது. நான் பொய் சொன்னேன்."

சொல்லி வாயை மூடவில்லை, திரை நகர்ந்தது. மூன்றாவது நிலையம், 3.42 மீட்டர். லைனும் இல்லாத, மெஷினும் இல்லாத இடத்திலிருந்து. அடுத்த இரண்டும் கடகடவென்று முடிந்தன.

மதினி அழவில்லை. "தெரியும் தம்பி. அவுகளே சொன்னாக, 'அவனாவே ஒருநா சொல்லுவான், நீ போய்க் கேக்காத'ன்னு. நாந்தான் பொறுக்க மாட்டாம வந்துட்டேன்."

அன்றே எழுதிக் கொடுத்தேன். பென்ஷன் வந்தது. எனக்கு ஒரு கண்டனக் கடிதம், அவ்வளவுதான். அவர் பட்டதற்கு அது ஒன்றுமே இல்லை, பெஹாலாவில் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

எழுதிக் கொடுத்த மறுநாள் என் மெஷினில் முந்தின நாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் தொடங்கிய நேரம் ஒரு வரி, முடிந்த நேரம் ஒரு வரி. மற்ற நாலு நிலையத்துக்கும் இரண்டும் இருந்தன. மூன்றாவதற்குத் தொடங்கிய வரி மட்டும்தான். முடிந்ததாக எங்கேயும் இல்லை. நான் வேலையை விடும்வரை தேடினேன், இல்லை.